எக்ஸ்ரே அறைக்கு வந்த பெரிய மனிதர்கள்

போன மாதம் என் முழங்கால் வலிக்காக விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எக்ஸ்ரே அறையில் இருந்த பெண் என்னைப் படுக்க வைத்துக் காலை நேராக்கினாள், உள்ளே போய் பட்டனை அழுத்தினாள். நான் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடுவதற்குள் என் முழங்கால் கம்ப்யூட்டர் திரையில் வந்து நின்றது. பிலிம் இல்லை, இருட்டறை இல்லை, மருந்துத் தொட்டி இல்லை. நானும் இதே வேலையைத்தான் முப்பத்து நான்கு வருடம் பார்த்தேன், பெரும்பாலும் திண்டிவனத்தில் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"திண்டிவனத்துலயா மேடம் இருந்தீங்க? ஹைவே மேல இருக்கிற ஊரு ஆச்சே. விஐபி எல்லாம் வந்திருப்பாங்களே. யார் யாரை எடுத்திருக்கீங்க?"

வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. அப்புறம் சொல்றேம்மா என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய மனிதர்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. ஒருவருடைய படத்தில் என்ன இருந்தது என்று வெளியில் பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது. நான் படம் எடுத்தவர்களில் ஏழுமலை என்பவரின் பெயரை மட்டும் எழுதுகிறேன். அவரிடமே போனில் கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்கக்கா. ஆனா ஒண்ணு விடாம எழுதுங்க" என்றார்.

எனக்கு மயிலம் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா அஞ்சலை, களை எடுக்கவும் நடவுக்கும் போகிறவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். அவர்களில் ஒருவர்தான் சென்னையில் எக்ஸ்ரே படிப்பு இருக்கிறது என்று சொல்லி விண்ணப்பம் வாங்கி வந்தார். இரண்டு வருடம் படித்தேன், வேலை கிடைத்தது, திண்டிவனத்தில் போட்டார்கள். கடைசி ஏழு வருடம் விழுப்புரம். ஜெயமேரி என்ற என் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எல்லாருக்கும் நான் 'சிஸ்டர்'தான். நர்ஸ் இல்லை என்று முதல் வருடம் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

என் அறைக்கு வந்த முதல் பெரிய மனிதர் எங்கள் ஊர்க்காரர். முன்னாள் எம்எல்ஏ. எங்கள் பக்கத்து நிலத்தில் பாதி அவர் வீட்டுடையது. அவர் வரப்பில் நடந்து வந்தால் நடவு ஆட்கள் எல்லாரும் சேற்றுக்குள் இறங்கி வழிவிடுவார்கள். சின்ன வயதில் அம்மாவோடு நானும் அப்படி இறங்கியிருக்கிறேன்.

மாடிப்படியில் விழுந்து, கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பில் அடி. நாலைந்து பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கதிர் பாயும் அறை என்பதால் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். உள்ளே அவரும் நானும்தான்.

"சட்டையைக் கழட்டணுங்க ஐயா."

கையைத் தூக்க முடியாமல் என்னைப் பார்த்தார். நானே பொத்தான்களைக் கழற்றினேன். தோளைப் பிடித்துப் பலகையோடு சேர்த்து நிறுத்தி, முகவாயைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.  

"எந்த ஊரும்மா நீ?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, நம்ம ஊரா? யாரு வீடு?"

"காலனிங்க. அஞ்சலை பொண்ணு."

 நான் தடுப்புக்குப் பின்னால் போனேன். "மூச்சை இழுத்து அடக்குங்க" என்றேன். அடக்கினார். படம் எடுத்தேன். திரும்பி வந்து சட்டையைப் போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானில் இருந்தபோது கேட்டார்.

"அஞ்சலை... நல்லா இருக்காங்களா?"

எங்கள் அம்மாவைப் பற்றி ஊர்த்தெருவிலிருந்து யாரும் அப்படி மரியாதையோடு கேட்டதில்லை. "நல்லா இருக்காங்க ஐயா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை அம்மா உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "வலி போனதும் மறந்துருவாரு" என்றாள்.

மறந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து மறுபடி படம் எடுக்க வந்தபோது, கூட வந்தவர்கள் முன்னால் தள்ளியும் போகாமல், வெளிப் பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்து ஒரு சினிமாக்காரர். திரையில் அவர் வந்து நின்றாலே கொட்டகை சிரிக்கும். பனமலைக் கோயிலுக்குப் பக்கத்தில் படப்பிடிப்பு நடந்தபோது பாறையில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அரை மணியில் ஊரே திரண்டுவிட்டது. எங்கள் அட்டெண்டர் கன்னியப்பன், வேலையில் கெட்டிக்காரர், அன்றைக்குக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "அண்ணே, ஒரே ஒரு ஜோக்கு சொல்லுங்கண்ணே" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

 கதவைச் சாத்தியதும் அவர் சன்னமான குரலில் என்னிடம் கேட்டார்: "உடைஞ்சிருக்காம்மா? உடைஞ்சிருந்தா படம் நின்னுடும். எனக்காக நாற்பது பேரு மலையடிவாரத்துல உக்காந்திருக்காங்க."

"டாக்டர்தாங்க சொல்லணும்" என்றேன். அதுதான் விதி. பிலிமைக் கழுவி முடிக்கும் வரை அவர் என் மேசை ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தார். கண் கலங்கியிருந்தது. உடையவில்லை, சுளுக்குத்தான் என்று டாக்டர் வந்து சொன்னார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. கதவருகே நாற்காலி வந்ததும் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இப்போ திறங்க" என்றார். திறந்தேன்.

"நாப்பது வருஷமா நடிக்கிறேன்யா! எலும்பைக்கூட விடாம இன்னிக்குத்தான்யா போட்டோ எடுத்திருக்காங்க!"

ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. கன்னியப்பன் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இனி டாக்டர் தணிகாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் ஏழுமலை கதையைச் சொல்ல முடியாது.

அவர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர். விழுப்புரத்தில் இருந்தார். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பஸ்ஸில் திண்டிவனம் வருவார். என்னைவிட மூன்று வயது சின்னவர்தான், ஆனால் வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன். சத்தம் போட்டு அவர் பேசிக் கேட்டதில்லை. எல்லாரையும், கன்னியப்பனையும்கூட, 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். வந்ததும் கை கழுவுவார். ஈரம் போகத் துடைப்பார். விளக்குப் பெட்டியில் பார்க்காமல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். பெயர் எழுதிய மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். முழுப் படத்தையும் பார்த்து முடித்து அறிக்கை எழுதிய பிறகுதான் விரலை எடுத்து அது யார் என்று பார்ப்பார்.

அவருக்கு முக்கியம் சீட்டு. டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் யாருக்கும் படம் எடுக்கக் கூடாது. கதிர் என்பது விளையாட்டு இல்லை, எதற்கு எடுக்கிறோம் என்று ஒரு டாக்டர் யோசித்து எழுதியிருக்க வேண்டும் என்பார். ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவருடைய அம்மாவை ஜீப்பில் அழைத்து வந்து, "ஜல்தியா எடுத்துக் குடுங்க சிஸ்டர், சீட்டு அப்புறம் வரும்" என்றார்கள். நான் பயந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். சீட்டு வரவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் தணிகாசலம் பதிவேட்டைப் பார்த்தார். ஒரு காகிதம் எடுத்தார். முத்து முத்தான கையெழுத்தில் எனக்கு ஒரு மெமோ எழுதினார். அதை அட்டெண்டர் மூலம் அனுப்பாமல் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"டீ குடிச்சிட்டு நிதானமா படிங்க. இன்னொரு தடவைன்னா மெமோவோட நிக்காது, விசாரணை வரும். எனக்கும் வேற வழி இல்லை."

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். இரண்டாவது முறை என்ற பேச்சே வரக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம், ஒரு பிற்பகல். சென்னையிலிருந்து மயிலத்துக் கச்சேரிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பாடகியின் கார் ஓங்கூர் தாண்டி ஒரு சிறுபாலத்தின் சுவரில் மோதிவிட்டது. ரேடியோவில் அவர் குரல் வராத நாள் கிடையாது. பின்சீட்டில் இருந்த அவருக்கு நெற்றியில் ஒரு வீக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் சபேசனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வழியில் போன வேனில் ஏறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள்.

அவசரப் பிரிவு டாக்டர் பாடகி அம்மாவைப் பார்த்து, தலைக்குப் படம் எடுக்கச் சீட்டு எழுதினார். அதே நேரம் பிரசவ வார்டிலிருந்து ஒரு ஆபத்தான கேஸ் என்று அழைப்பு வர, அவர் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார். நான் பாடகி அம்மாவுக்குப் படம் எடுத்தேன். பட்டுப் புடவை கசங்கியிருந்தது. கம்மலைக் கழற்றச் சொன்னதும் பேசாமல் கழற்றி என் கையில் கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்கோம்மா" என்று மட்டும் சொன்னார்.

பிலிமைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். வராந்தா பெஞ்சில் படுத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சபேசன் அவரிடம், "ஏழுமலை, எழுந்திரு. வேற கார் வந்தாச்சு. நீதான் ஓட்டணும், அந்த டிரைவருக்கு வழி தெரியாதாம். ஆறு மணிக்கு மேடையில இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரிங்க சார்" என்று அவர் எழுந்தார். எழும்போது தன் தலைமயிரை வலது கையால் கொத்தாகப் பிடித்து, தலையை ஒரு பொருளைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

 படிக்கும் காலத்தில் எங்கள் ஆசிரியர் இதைச் சொல்லியிருக்கிறார். கழுத்தின் மேல் எலும்பு முறிந்தவர்களுக்குத் தலை தன்னால் நிற்காது, கையால் தாங்கித்தான் எழுவார்கள் என்று. அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. ஆடாதீங்க" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. கழுத்து சுளுக்கிக்கினு இருக்குது. வண்டி ஓட்னா சரியாப் போயிடும்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அம்மாவுக்குத்தாங்க அடி. எனக்கு எதுக்கு?" பெயரைக்கூட அவர் பதிவு செய்யவில்லை. அதனால் எந்த டாக்டரும் அவரைப் பார்த்திருக்கவில்லை.

சபேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சிஸ்டர், நல்லாத்தானே நிக்கிறான்? அங்க ஆயிரக்கணக்கான ஜனம் காத்துட்டிருக்கு. நீங்க வேற பேஜார் பண்ணாதீங்க."

கன்னியப்பனைத் தியேட்டருக்கு அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, "டாக்டர் கையில கொழந்த இருக்குதும்மா. ஒரு மணி நேரம் ஆவுமாம். அதுவரைக்கும் ஆட்டாம படுக்க வெக்கச் சொன்னாரு" என்றார். சபேசன் ஒரு மணி நேரமா என்று கையை உதறினார். ஏழுமலையோ, "வாணாங்கக்கா, நான் போயிடுறேன். வேலை போயிடும்" என்று கதவைப் பார்த்து ஒரு அடி வைத்தார். அந்த ஒரு அடியில் அவர் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. முகம் வெளுத்துவிட்டது.

இனி வாயால் சொல்லி இவரை நிறுத்த முடியாது என்று எனக்குப் புரிந்தது. படம் ஒன்றைக் காட்டினால்தான் நிற்பார்கள். என்னிடம் சீட்டு இல்லை. மெமோவின் முத்து முத்தான எழுத்து கண் முன்னால் வந்தது. என் பிள்ளைகள் இருவரின் முகமும் வந்தது. ஐந்து நிமிடம் போல் இருந்தது எனக்கு, அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

உள்ளே போய் பாடகி அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, உங்க டிரைவர் கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்கணும். இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அவரை ஓட்டச் சொல்லாதீங்க."

அவர் எழுந்து கதவு வழியாக எட்டிப் பார்த்தார். ஏழுமலை தலையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். "சபேசன், சும்மா இருங்க" என்றார் அம்மா. "எடும்மா."

ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து, நான் தலையையும் கழுத்தையும் ஒன்றாகப் பிடிக்க, கன்னியப்பனும் மூன்று பேரும் உடம்பைத் தாங்க, மரக்கட்டையைச் சாய்ப்பது போல அவரைச் சாய்த்தோம். தலையின் இரண்டு பக்கமும் மணல் பைகள் வைத்தேன். நெற்றிக்குக் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டினேன். ஆளைத் திருப்பாமல் கருவியைத் திருப்பிப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். கழுவி ஈரத்தோடு பார்த்தேன். மேல் எலும்பில் ஒரு கோடு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. காதுப் பக்கத்து எலும்பின் நிழல் வேறு மேலே விழுந்தது.

கழுத்தின் இரண்டாவது எலும்பில் மேல் நோக்கிப் பல் மாதிரி ஒரு முனை உண்டு. தலை அதன் மேல்தான் திரும்புகிறது. அதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் வாயைத் திறக்கச் சொல்லி, வாய் வழியாக எடுக்க வேண்டும். நாக்கு குறுக்கே வராமல் இருக்க 'ஆ' என்று இழுத்துச் சொல்லச் சொல்வோம். அதற்குள் தலை ஒரு நூல் அசையக் கூடாது. யாராவது தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பட்டனுக்குப் போயாக வேண்டும். கன்னியப்பனுக்குக் கை நடுக்கம். சபேசனைப் பார்த்தேன், அவர் கதவுக்கு வெளியே நகர்ந்துவிட்டார்.

"நான் பிடிக்கிறேன்" என்றார் பாடகி அம்மா.

"கதிர் படுங்கம்மா. ஈய உடுப்பு போட்டுக்கணும், கனமா இருக்கும்."

"குடு."

பட்டுப் புடவை மேல் அந்தச் சாம்பல் நிற உடுப்பைக் கட்டிவிட்டேன். அவர் தலைமாட்டில் நின்று, நான் காட்டிய இடத்தில், இரண்டு உள்ளங்கையாலும் ஏழுமலையின் காதுகளுக்கு மேலே பிடித்துக்கொண்டார். ஏழுமலைக்கு அது தாங்கவில்லை. "அம்மா, நீங்க போயி என் தலையை..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதே. தலை ஆடும்."

"அண்ணே, இப்ப மெதுவா வாயைத் திறங்க. ஆன்னு சொல்லுங்க" என்றேன் தடுப்புக்குப் பின்னாலிருந்து. அவர் திறந்தார், சத்தம் வரவில்லை.  மறுபடி சொன்னேன். வாய் பாதியில் மூடிக்கொண்டது.

அப்போது அம்மா குனிந்து, அவர் நெற்றிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், மிகத் தாழ்ந்த குரலில் 'ஆ' என்று பிடித்தார். பாட்டு இல்லை அது. ஒரே ஒரு நீண்ட ஒலி. "என்கூடச் சேர்ந்துக்கோ ஏழுமலை" என்று சொல்லி மறுபடி பிடித்தார். இந்த முறை அவருடைய கரகரத்த குரலும் கீழே எங்கிருந்தோ எழுந்து வந்து அதோடு சேர்ந்தது. வாய் நன்றாகத் திறந்தது. நான் அழுத்தினேன்.

தொட்டியில் அந்தப் பிலிம் தெளிந்து வர எத்தனை நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. சிவப்பு விளக்கில் பல் வரிசை தெரிந்தது. இரண்டு வரிசைக்கும் நடுவில் அந்தச் சின்ன முனை தெரிந்தது. அதன் அடியில் குறுக்கே ஒரு கோடு. முனை தனியாக நின்றது.

வெளியே வந்து, "இவர் எங்கேயும் போகக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். தியேட்டர் வாசலுக்கே ஈரப் படத்தைக் கொண்டுபோனேன். டாக்டர் கையுறையோடு வெளியே வந்து பார்த்தார். "புதுச்சேரிக்கு அனுப்புங்க, இப்பவே, அசைக்காம" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவரை வண்டி ஓட்ட விட்டிருந்தா, ஒரு பிரேக் போதும் சிஸ்டர்" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது மணி ஐந்து. சபேசன் கார் பக்கத்தில் நின்று, "அம்மா, நேரமாச்சு" என்றார். பாடகி அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. ஆம்புலன்ஸில் ஏறி, ஏழுமலையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். "நான்தான் வழியெல்லாம் சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு சொல்லிட்டே வந்தேன்" என்று என்னிடம் சொன்னார். கதவு சாத்திவிட்டார்கள். கம்மல் என்னிடமே இருந்தது. மறுநாள் ஆள் வந்து வாங்கிப் போனார்.

மயிலத்தில் அன்று கச்சேரி நடக்கவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்று மேடையில் சொன்னார்களாம். என் நாத்தனார் மூன்று மணி நேரம் காத்திருந்து திரும்பியவள். "பெரிய ஆளுங்கன்னா இப்படித்தான், நம்ம ஊருன்னா எளக்காரம்" என்று பல வருடம் என்னிடமே திட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவும் வெளியில் எதையும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் தணிகாசலம் வந்தார். கை கழுவினார். படங்களை ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்தார். வாய் வழிப் படம் வந்ததும் அவர் கை அப்படியே நின்றது. வெகுநேரம் பார்த்தார். அறிக்கை எழுதினார். விரலை எடுத்துப் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சீட்டு எங்கம்மா?"

"இல்லைங்க சார்."

நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தார்.  மெமோதான். கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"விதி விதிதான். அன்னிக்கு அதிகாரி அம்மாவுக்குக் குடுத்துட்டு இன்னிக்குக் குடுக்கலைன்னா என் கையெழுத்துக்கு மதிப்பில்லை" என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். "விசாரணைல என்னைச் சாட்சியா போட்டுக்கோங்க."

போட்டேன். விசாரணை அதிகாரி முன்னால் அவர் அந்தப் படத்தைக் கொண்டுவந்து வைத்து, ஒரு கழுத்தை அசைக்காமல் இப்படி ஒரு படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பத்து நிமிடம் பேசினார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். என் பணிப் பதிவேட்டில் அந்த எச்சரிக்கை கடைசி வரை இருந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

ஏழுமலைக்கு எலும்பு சேர்ந்தது. கழுத்து மட்டும் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பாது, அதனால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆனால் பாடகி அம்மா அவரை விடவில்லை. வேறு டிரைவர் ஓட்ட, இவர் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே ஊர் ஊராகப் போனார். அம்மா மேடை ஏறுவதை நிறுத்தும் வரை அது நடந்தது. இப்போது விழுப்புரம் பக்கத்தில் காணையில் வீட்டோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகள் எடுத்திருக்கிறார்.

எழுதி வரும்போது ஒன்று தோன்றுகிறது. அந்த ஆண்டு நான் சந்தித்தவர்களில் அந்தப் பாடகியைவிட அதிகமாக என் மனதில் நிற்கிறவர் மேனேஜர் சபேசன்.

விபத்து நடந்து இரண்டு வாரம் இருக்கும். காலை பத்து மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றார். தனியாக. அன்றைக்குப் பார்த்த மிடுக்கு இல்லை, நாலு நாள் தாடி.

"சிஸ்டர், உங்களை ஒண்ணு கேக்கணும்." உள்ளே வந்தும் உட்காரவில்லை. "அன்னிக்குக் கார் மோதின உடனே, வேன்ல ஏர்றதுக்கு முன்னாடி, ரெண்டு பெட்டியையும் அவன்தான் தலையில தூக்கிட்டு வந்தான். நான்தான் தூக்கச் சொன்னேன். ஒண்ணுல சுருதிப்பெட்டி இருந்தது, கனம். அதுலதான் உடைஞ்சிருக்குமா? மோதினப்ப சின்னதா இருந்து, நான் தூக்கச் சொன்னதுல..."

 நான் யோசித்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் எனக்குத் தெரியாது.

"அது படத்துல தெரியாதுங்க சார்" என்றேன்.

தலையாட்டினார். "தினமும் புதுச்சேரி போறேன். வார்டு வாசல் வரைக்கும் போறேன். உள்ள போக முடியலை. திரும்பி வந்துடறேன்."

அன்று கூட்டம் குறைவு. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். "வாங்க சார், நானும் அவரைப் பார்க்கணும்" என்று சொல்லி, பஸ் ஏறினோம்.  வார்டு வாசலில் அவர் கால் நின்றது. நான் முன்னால் நடந்தேன். பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

ஏழுமலை மல்லாந்து படுத்திருந்தார். தலையில் இரும்பு வளையம் பொருத்தி, கயிற்றில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க முடியாது. கூரையைத்தான் பார்க்க முடியும். அவர் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். சபேசன் போய்க் குனிந்து, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றார். 

ஏழுமலையின் முகம் விரிந்தது.

"சாரா? வாங்க சார். என்னா இப்படி எளச்சிப் போயிட்டீங்க? சாப்ட்டீங்களா?"

சபேசன் இல்லை என்று தலையாட்டினார். அவர் தலையாட்டியது ஏழுமலைக்குத் தெரிந்திருக்கும். "ஏய், சாருக்கு வையி" என்றார் மனைவியிடம். அவள் தட்டில் இரண்டு இட்லி எடுத்து வைத்து, மல்லாட்டைச் சட்னியை ஊற்றி நீட்டினாள். சபேசன் கட்டில் காலோரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, இரண்டு இட்லியையும் சாப்பிட்டு முடித்தார்.